தலைகீழாகத் தெரிந்த மாப்பிள்ளை

கம்ப்யூட்டர் படித்தவனுக்கு அடுத்தவர் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கண்டால் கை சும்மா இருக்காது. பெண் பார்க்கப் போன வீடாக இருந்தாலும் இருக்காது.

நாகலாபுரத்தில் செல்வியைப் பார்த்தாயிற்று, இருவருக்கும் பிடித்தும் போயிற்று. துபாயில் இருக்கும் அவளுடைய அண்ணன் வீடியோ காலில் என்னைப் பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்காகக் கூடத்தில் கம்ப்யூட்டரைப் போட்டு, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தது.

“இந்த செட்டிங்ஸ்ல எது எங்கன கெடக்குன்னே தெரியல மாப்பிள. சவுண்டக் கூட்டப் போனா பிரிண்டர்ல போயி நிக்கி” என்றார் வருங்கால மாமனார்.

(பேச்சுக்குச் சொன்னார். நான்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாக எடுத்துக்கொண்டேன்.)

அதில் இருந்தது லினக்ஸ். மெனுவை நம் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கலாம். திரை சமாச்சாரம் எல்லாவற்றையும் ‘கண்’ என்ற தலைப்பில் போட்டேன். ஒலி ‘காது’. மவுஸ், கீபோர்டு ‘கை’. என்ன ஓர் ஒழுங்கு! பெருமை தாங்காமல், “பாருங்க மாமா, ஒரே தட்டுல திரையையே கவுத்துரலாம்” என்று ‘கண்’ணைத் திறந்து கவிழ்த்தும் காட்டினேன். ‘இப்படியே இருக்கட்டுமா?’ என்று கேட்டது. செல்வி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தபடியே ‘ஆம்’ கொடுத்துவிட்டேன்.

அதன்பின் மவுஸை மேலே தள்ளினால் அம்பு கீழே போயிற்று. தடுமாறி எதையோ தட்டியதில் ‘கண்’ என்ற தலைப்பே மொத்தமாக அழிந்தது; திரையை நிமிர்த்தும் வழியும் அதோடு போயிற்று. சரியாக அந்நேரம் துபாய் அழைத்தது.

திரையில் மச்சான் வௌவால் மாதிரி தொங்கினார்.

“இம்புட்டுதானே!” என்று மாமனார் மானிட்டரையே தூக்கித் தலைகீழாக்கி, தலையணைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். மச்சான் நேராகிவிட்டார். கைதட்டினோம்.

மானிட்டர் உச்சியில் மாட்டியிருந்த கேமராவும் கூடவே கவிழ்ந்ததை யாரும் யோசிக்கவில்லை.

“யப்பா, எல்லாரும் ஏன் தலகீழாத் தொங்குதீங்க? இதுல மாப்பிள யாரு?”

வாழ்க்கைப் பிரச்சினை அல்லவா? வேட்டியை இறுக்கிப் பிடித்து, கேமராவுக்கு முதுகு காட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டு, “வணக்கம் மச்சான்!” என்றேன்.

அதற்குள் செல்வி சிரித்துக்கொண்டே வந்து கேமராவைக் கழற்றி நேராகப் பிடித்துவிட்டாள். குனிந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

“எல்லாரும் நேராயிட்டாவ. இவிய மட்டும் ஏம்மா இன்னும் அப்படியே இருக்காவ?” என்றது துபாய்.

கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மச்சான் சொன்னார்: “செல்வி, இவரையே கட்டிக்கோ. வீட்டுல டிவியே வேண்டாம்.”

கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் நாகலாபுரம் போகும் வழியில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வந்துவிட்டோம் என்று போன் செய்தால், மாமனார் அத்தையிடம் கத்துவது போனிலேயே எனக்குக் கேட்கும்:

“ஏட்டி, மாப்பிள வாராவ! கம்ப்யூட்டர் வயரப் புடுங்கி ஒளிச்சு வையி!”