சிடிக்கு வைத்த சந்தனப் பொட்டு

பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால்கூட 'நிறுத்துங்க' என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்குகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரு மேனேஜரிடம் போய் சாப்ட்வேர் பேசினேன்.

கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜ். நான் ரூம் பெருக்குவேன். என் பெண் செல்வி கம்ப்யூட்டரில் பில் போடுவாள். அதற்கு வைரஸ் வந்து வந்து நின்றுவிடும்.

"பௌர்ணமிக்குள்ள சரியாகலன்னா பெட்டியத் தூக்கிடுவேன். பழையபடி நானே நோட்டுல எழுதிக்கறேன்" என்றார் மேனேஜர்.

பெட்டி போனால் செல்வி வேலையும் போச்சு. வைரஸ் ஜாஸ்தி அண்டாத சாப்ட்வேராம், லினக்ஸாம், இனாமாம் என்று ஒரு சிடி கொண்டுவந்தாள். அவர் தொடவே இல்லை.

"இனாமா குடுக்கறவன் எதையாவது புடுங்காம விடுவானா?"

சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வற்றியது. "நீ சொல்லும்மா, உன் மேல அவருக்கு மரியாதை" என்றாள். (மரியாதையாவது! நான் எதிர்த்துப் பேசமாட்டேன், அவ்வளவுதான்.)

துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "சார், பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில அன்னதானம் வாங்கி சாப்பிடறீங்களே, குடுத்தவங்க என்னத்த புடுங்கினாங்க?"

புளிசாதம், சுண்டல் எதையும் விடாத மனுஷர். யோசித்தார்.

"அன்னதானம் மாதிரின்னா சாமி சமாசாரம். பூஜை போட்டுத்தான் உள்ள விடணும்."

செல்வி டீ குடிக்கப் போன நேரத்தில் பூஜையை நாங்களே முடித்தோம். சிடியில் ஒரு பக்கம் எழுத்து, இன்னொரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. பளபளப்பாக இருப்பதுதானே முகம்? நடுவில் ஓட்டை இருந்ததால் சுற்றி மூன்று பொட்டு வைத்தேன், சந்தனமும் குங்குமமுமாக. மேனேஜர் கற்பூரம் காட்டி உள்ளே தள்ளினார்.

பெட்டி கர்ரென்று இருமி நின்றது.

"பாத்தியா, இனாம்" என்றார்.

வந்து பார்த்த செல்வி, "பெட்டி படிக்கிற பக்கத்துலயாம்மா வைப்பாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். துப்பட்டாவால் சிடியைத் துடைத்து, பெட்டி வாயையும் துடைத்து, மறுபடி போட்டுப் போட்டு, சாயங்காலம் ஒருவழியாக ஓடவைத்தாள். பௌர்ணமிக் கூட்டத்துக்கு பில் தடையில்லாமல் வந்தது. வேலை தப்பியது.

அதற்கு மேனேஜர் சொன்னதைக் கேளுங்கள்: "பூஜை போட்டதாலதான் வைரஸ் அண்டல."

அப்புறம் எந்த சிடி வந்தாலும் பொட்டு வைக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுவார். நான் வைப்பேன், செல்வி திட்டிக்கொண்டே துடைப்பாள்.

செல்விக்குக் கல்யாணமும் ஆச்சு. போன மாசம் மாப்பிள்ளை புது போன் வாங்கிவந்தார். "அத்தை, பொட்டு வைக்கறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் முகம்னு கேட்டுக்குங்க" என்றார். வீடே சிரித்தது.

எனக்குக் கேட்க வெட்கம். பின்பக்கமாகத் திருப்பி, ஓரமாக ஒன்று வைத்தேன். அங்கேதான் கேமரா இருக்குமாம்.