கிளமெண்டி மேலவை

துணைக் கேள்விக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கூட்டத்திலும் பின்வரிசையில் சாதுவாக உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லாரும் தேநீருக்கு எழும் நேரம் பார்த்து, "ஒரே ஒரு சின்னக் கேள்வி" என்று மைக்கை வாங்குவார்களே, அவர்கள்தான். கேள்வி வராது. மைக்கும் திரும்பி வராது.

இந்த இனத்துக்கு நல்ல உதாரணம், சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்தில் இருக்கும் கிளமெண்டி சிதம்பரம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் இந்திய நாடாளுமன்ற மேலவையில் அமைச்சர் பதில் சொன்ன பிறகும் உறுப்பினர்கள் துணைக் கேள்விகளாக அடுக்கும் கேள்வி நேரத்தைக் கைப்பேசியில் நேரலையாகப் பார்ப்பது அவர் வழக்கம். சிங்கப்பூரில் ஒரே அவைதான், மேலவை கிடையாது. அந்தக் குறை தெரியாமல் அவர் பார்த்துக்கொள்கிறார்.

தேக்கா சந்தையில் அவர் மீன் வாங்கும் அழகைப் பார்க்க வேண்டும். "இந்த வஞ்சிரம் இன்று வந்ததா? ஆம் எனில், எப்போது? இல்லை எனில், அதற்கான காரணங்கள் யாவை?"

"அண்ணே, பின்னாடி ஆள் நிக்குது லா!" என்பார் மீன்காரர், சிங்கப்பூர் வழக்கில் ஒரு ‘லா’ போட்டு. அதை அவையில் அமளி என்று எடுத்துக்கொள்வார் சிதம்பரம்.

வீட்டில்? மனைவி சந்திரமதி, "குழாய் ஒழுகுதே, ஆளைக் கூப்பிட்டீங்களா?" என்றால், "விஷயம் தீவிரப் பரிசீலனையில் இருக்கிறது" என்பார். குழாய் அதுபாட்டுக்கு ஒழுகும்.

மகள் ரக்ஷனாவுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்தது. போகட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். அங்கே குளிர் எவ்வளவு, ரயில் உண்டா, உண்டு எனில் இரவில் ஓடுமா, மேலாளர் எப்படிப்பட்டவர் என்று துணைக் கேள்விகள் பெருகினவே தவிர, சரி என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒரே பெண், அனுப்ப மனமில்லை. அதைச் சொல்ல வெட்கம். அவ்வளவுதான் விஷயம்.

கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளும் வந்தது. நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பண மசோதாவை மேலவை எத்தனை நாள் வெச்சிருக்கலாம்?"

சிதம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி யார் அவரைக் கேட்கிறார்கள்? "ரெண்டு வாரம்! அதுக்குள்ள திருப்பி அனுப்பலைன்னா பாஸ் ஆனதா அர்த்தம். மேலவை தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது."

"நான் கேட்டு ரெண்டு வாரம் ஆச்சுப்பா."

"கீழவையில அன்னிக்கே பாஸ்!" என்று சமையலறையிலிருந்து சந்திரமதியின் குரல் வந்தது.

"இது பண மசோதாவே இல்லையே!"

"சம்பளம் வருது லா, அப்பா."

சிதம்பரம் கைப்பேசியை அணைத்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"எப்பம்மா வருவே?"

"தீபாவளிக்கு வந்துடுவேன்பா."

"எந்த வருஷத் தீபாவளி?"

வாழ்நாள் முழுதும் அவர் கேட்ட துணைக் கேள்விகளில், பதில் உண்மையாகவே தேவைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். "இந்த வருஷந்தான்" என்று மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன, இதில் உங்களுக்கும் ஒரு சின்ன விளக்கம் வேண்டுமா? கையைக் கீழே போடுங்கள் ஐயா. உங்கள் வீட்டிலும் யாரோ ரொம்ப நேரமாகப் பதிலுக்கு நின்றுகொண்டிருக்கிறார்கள்.