நூற்றுப் பதினான்கு வீடுகளுக்கு ஒரே குழி

"பிளக்குல ரெண்டு கால் போதாதா? மூணாவது எதுக்குப்பா?" என்று என் மகள் ஒருமுறை கேட்டாள்.

"சட்டத்துக்கும்மா" என்றேன். மின்பாதுகாப்பு குறித்து இதைவிட ஆழமான விளக்கத்தை உலகம் இதுவரை கேட்டதில்லை.

நான் மின் ஆய்வாளன். ஒவ்வொரு புது வீட்டிலும், அந்த மூன்றாவது கால் வழியே வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க எர்த் குழி வேண்டும். மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்தும் டிரிப்பர் வேண்டும். இந்த விதிகள்மேல் எங்கள் அலுவலகத்துக்கு அளவற்ற மரியாதை. நேரில் போய் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. ஃபைலில் குழியின் புகைப்படம் இருந்தால் போதும். கரியும் உப்பும் கொட்டி, நடுவே குழாய் இறக்கிய அருமையான குழி; ஓரத்தில் ஒற்றை மஞ்சள் செருப்பு. நூற்றுப் பதினான்கு ஃபைல்களிலும் அதே குழி, அதே செருப்பு. கடைசி ஃபைல் என் வீட்டுடையது.

ஒரு வயர்மேன் மட்டும் அடிக்கடி வந்து நிற்பார்.

"சார், நீங்க கையெழுத்துப் போட்ட அந்த வீட்டுல குழியே இல்ல. தண்ணிக் குழாயைத் தொட்டா சுர்ருங்குது."

"ஃபைல்ல இருக்கே?"

"ஃபைலைத் தொட்டா ஷாக் அடிக்காது சார்."

"அப்ப பாதுகாப்பாத்தானே இருக்கு!"

இந்த ஒழுங்கீனத்துக்காக அவருடைய உரிமப் புதுப்பிப்பை ஆறு மாதம் 'பரிசீலனையில்' வைத்தேன். அவருக்கு வேலை நின்றது.

ஒரு ஞாயிறு காலை மகள் ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டாள். 'டக்'கென்று வீடு முழுக்க மின்சாரம் நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு போர்டைத் திறந்தேன். நான் வாங்காத டிரிப்பர் ஒன்று உள்ளே இருந்தது.

"போன வாரம் வயர்மேன் அண்ணன் வந்து மாட்டினாரே. பின்னாடி குழியும் வெட்டினாரு" என்றாள் மனைவி. "நீங்க சொன்னீங்கன்னாரு. சொல்லலையா?"

"சொன்னேன், சொன்னேன்."

மறுநாள் யாரும் வருவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய், அவருடைய உரிமத்தில் கையெழுத்திட்டேன். பூட்டியிருந்த அவர் வீட்டுக் கதவடியில் அதைச் செருகிவிட்டு அலுவலகம் திரும்பினேன்.

பிறகு ஃபைல்களை இறக்கினேன். ஒவ்வொரு செருப்பின்மீதும், 'நான் போய்ப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கை வலித்தது. மீதி நூற்றுப் பதின்மூன்று வீடுகளிலும் பிள்ளைகள் கைகழுவும் நேரம் அது. அங்கெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் குழி வெட்டப் போயிருக்கவில்லை.