பூங்காவனத்தின் சென்சிடிவ் ஸ்கின்

ஒரு காட்டில் ஓர் எருமை இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள், சொன்னால் அங்கேயும் கிளம்பிப் போய் ஃபேஸ் மாஸ்க் வாங்குவீர்கள். எருமையின் பெயர் பூங்காவனம். சிரிக்க வேண்டாம், அவள் அம்மா ஆசை ஆசையாக வைத்த பெயர் அது.

பூங்காவனத்துக்குச் சொந்தமாக ஒரு சேற்றுக்குட்டை இருந்தது. பன்னிரண்டு வருஷமாக, வெயில் ஏறியதும் அதில் போய்க் கழுத்துவரை முங்கிப் படுத்துவிடுவாள். ஈ அண்டாது, உண்ணி ஒட்டாது, சூடு தெரியாது. சித்திரை மாசத்தில் எருமைக்கு அதுதான் உயிர். ஆனால் அவளுக்கு ஒரு மனக்குறை. காட்டில் எவன் எவனைத் திட்டினாலும் "எருமைத்தோல்" என்றுதான் திட்டினான். முயல் தன் பிள்ளையைத் திட்டவும் அதே வார்த்தைதான். ஒவ்வொரு தடவையும் பூங்காவனத்துக்குச் சுருக்கென்று தைக்கும். தைத்தது என்று சொன்னால் மட்டும் நம்பவா போகிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் நல்லதம்பி என்கிற நரி ஆலமரத்தடியில் அழகு நிலையம் திறந்தான். படிப்பா, பட்டமா, ஒரு மண்ணும் கிடையாது. வாசலில் ஒரு சாரைப்பாம்பை உட்கார வைத்திருந்தான். அது காலாகாலத்துக்குச் சட்டை உரிக்கிற ஜென்மம். உரித்த சட்டை ஒரு பக்கம் தொங்க, மறுபக்கம் பாம்பு பளபளவென்று இருந்தது. கீழே ஒரு போர்டு: 'மாஸ்க் போடும் முன், மாஸ்க் போட்ட பின்.' பார்த்த மிருகமெல்லாம் வாயைப் பிளந்தது. பாம்பு பிறந்ததிலிருந்தே உரித்துக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்க ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை.

பூங்காவனமும் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் நரி ஒரு படிவத்தை நீட்டினான். உன் தோல் எண்ணெய்ப் பசையா, வறண்டதா, இரண்டும் கலந்ததா என்று இருபது கேள்வி. வெயிலில் நின்றால் வறளும், குட்டையில் கிடந்தால் பிசுபிசுக்கும், இதில் எதை டிக் அடிப்பது? அவள் எல்லாக் கட்டத்திலும் குளம்பை வைத்தாள். நரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ரொம்ப நேரம் அவள் கன்னத்தையே பார்த்தான்.

"உங்களுக்கு சென்சிடிவ் ஸ்கின், மேடம்," என்றான்.

பூங்காவனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவளை அப்படி யாரும் சொன்னதில்லை. மேடம் என்றும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நரி சொன்னதெல்லாம் வேதவாக்கு. வெறும் சேறு இந்தத் தோலுக்கு ஆகவே ஆகாது, இனிமேல் குட்டைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. டப்பாவில் வரும் க்ளே மாஸ்க் மட்டும்தான். முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு இரண்டு தடவை, முகத்தில் மட்டும், பதினைந்து நிமிஷம். காய்ந்து வெடிக்கும் முன்னால் கழுவிவிட வேண்டும். விலை என்ன என்று கேட்டதற்கு, உங்களிடம் போய் வாங்குவேனா என்றான். குட்டை இனிமேல் சும்மாதானே கிடக்கும், உபயோகத்தில் இல்லை என்று இந்தப் படிவத்தில் ஒரு குளம்பு வையுங்கள், ஆயுசுக்கும் டப்பா என் பொறுப்பு என்றான். வைத்தாள். படித்துப் பார்த்தாளா என்கிறீர்களா? நீங்கள் போனில் 'சம்மதிக்கிறேன்' என்பதை அமுக்கும்போது படித்துவிட்டுத்தான் அமுக்குகிறீர்களாக்கும்.

பூங்காவனத்தின் முதுகில் கோதண்டம் என்று ஓர் உண்ணிக்கொக்கு குடியிருந்தான். மத்தியானம் காடே அசந்திருக்கும்போது, நரி அதே குட்டையில் மண் அள்ளி டப்பாவில் அடைப்பதை அவன் முதல் வாரமே பார்த்துவிட்டான். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறப்பான்? சேற்றில் இறங்காத எருமையின் மேல் உண்ணி கொத்துக்கொத்தாக ஏறியது, அவனுக்குத் தினமும் கல்யாணச் சாப்பாடு. இனி ஓர் உண்ணிகூட உள்ளே இறங்காது என்கிற அளவுக்கு வயிறு நிரம்பிய அன்றுதான் அந்த உத்தமனுக்கு மனசாட்சி முழித்துக்கொண்டது.

"அக்கா, நீ மூஞ்சியில பூசுறது உன் குட்டைச் சேறுதான்," என்றான்.

பூங்காவனம் டப்பாவை நன்றாக மோந்து பார்த்தாள். மல்லிகை சென்ட் வாசனைக்கு அடியில் அவளுடைய சொந்த மூத்திர வாடை. சந்தேகமே இல்லை. தோலெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறது, புண்ணில் ஈ மொய்க்கிறது, இவ்வளவு பாடும் இந்தச் சேற்றுக்கா? நரியின் குடலை உருவிவிடுவது என்று கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஆலமரத்தடிக்கு ஓடினாள்.

அங்கே ஒரே கூட்டம். மான், மயில், கரடி என்று அத்தனை பேர் மூஞ்சியிலும் அவள் சேறு. நரி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"ஆமா மேடம், உங்க சேறுதான்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "பன்னெண்டு வருஷம் உங்க தோல் ஊறின சேறு. வேற எந்தச் சேத்துக்கு இந்தக் குணம் வரும்?"

மான் திரும்பிப் பார்த்தாள். நேற்றுவரை பூங்காவனம் பக்கத்தில் வந்தாலே மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தவள். அக்கா, அது நீங்கதானா என்று கேட்டு, கிட்டே வந்து ஒட்டி நின்றாள். தாழ்ந்திருந்த கொம்பு மெதுவாக நிமிர்ந்தது.

திரும்பி வரும் வழியில் குட்டையைப் பார்த்தாள். பாறை தெரிகிற அளவுக்குச் சுரண்டி எடுத்தாயிற்று. ஒரு மூலையில் மட்டும் ஓர் எருமை படுக்கிற அளவுக்குச் சேறு மிச்சமிருந்தது. பக்கத்துக் காட்டிலிருந்து வெயில் தாங்காமல் வந்த அவள் தங்கை கனகாம்புஜம் அதில் இறங்கப் போனாள். நீ போய்ப் படு, ரெண்டு நாளில் புண் ஆறிவிடும் என்று முதுகிலிருந்து கோதண்டம் கெஞ்சினான். பூங்காவனத்தின் உடம்பு முழுக்க அந்தச் சேற்றுக்கு ஏங்கியது. ஒரே ஓட்டமாக ஓடிப்போய், தங்கையை விலாவில் முட்டி அப்பால் தள்ளினாள்.

"அதுல காலை வைக்காதே. அது மான் பூசுற மாஸ்க். உன் எருமைத்தோலுக்கு அதோட அருமை தெரியாது," என்றாள்.

பிறகு உச்சி வெயிலில் நின்று, டப்பாவைத் திறந்து முகத்தில் மட்டும் துளி பூசிக்கொண்டு, பதினைந்து நிமிஷம் எண்ண ஆரம்பித்தாள்.

நீதி: ஒருவரின் தோலை உரிக்க வேண்டுமானால், அது ரொம்ப மென்மையான தோல் என்று முதலில் சொல்லிவிடுங்கள். உரித்துக்கொள்ள அவரே வரிசையில் வந்து நிற்பார்.