பிளேதோ என்றால் கிள்ளுக்கீரை

டோர்ட்மண்ட்
18.8.1994

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி மரியமலருக்கு அக்கா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் தன் எண்ணப்படி நடக்கிறது. உன் சுகத்துக்கும் மன்றாடினேன்.

மாதா திருநாளன்று எங்கள் வீட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், மகள் லவினியா, மருமகன் றொனால்ட், அவனைப் பெற்ற பிளோறன்ஸ் மச்சாள், மேல்மாடி ஸ்பெயின்காரி டொலோறஸ். இத்தனை பேரும் சாட்சி. நாளைக்கு ஒருத்தரும் மாற்றிச் சொல்ல ஏலாது.

நாலு வருசமாய்க் கீரைவிதை அனுப்பு என்று எழுதினேன். நீ ஒவ்வொரு முறையும் மடுமாதா படம் அனுப்பினாய். மாதாவைக் கும்பிடலாம், கடைய ஏலுமா? இனி விதை வேண்டாம்! எங்கள் குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால், வேலியோரம், நம் முளைக்கீரைக்குக் கூடப்பிறந்தது மாதிரி ஒரு கீரை தானாய் நிற்கிறது. ஆனியில் கண்டு, நாளும் நுனி கிள்ளி, கிள்ளக் கிள்ளத் தழைக்கவிட்டு, அன்றைக்குத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து வைத்தேன். பிளோறன்ஸ் மூக்கைப் பொத்தினா. "என்ன மச்சாள், திருநாளும் அதுவுமாய்க் குப்பைப் புல்லை அவிச்சு வைச்சிருக்கிறியள்? அந்த மனுசி வாயிலை வைப்பாவே?" அந்த நேரம் பார்த்து டொலோறஸ் ஒரு வாய் தின்று, கண்ணை அகட்டி, "பிளேதோ! பிளேதோ!" என்று கத்தினா. பிளோறன்ஸ் ஸ்பெயின்காரிகளோடு மூன்று வருசம் துப்புரவு வேலை செய்தவ. அந்தப் பாசை தனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்பா. "'மே இம்போர்த்தா ஊன் பிளேதோ' எண்டால் எனக்கொரு துளி அக்கறையும் இல்லை எண்டு அர்த்தம். உங்கட கறி ஒண்டுக்கும் உதவாதாம்!" இத்தனை பேருக்கு முன்னால்! கீரைக் கோப்பையைத் தூக்கப் போனேன். டொலோறஸ் விடாமல் மற்றப் பக்கம் பிடித்து இழுக்கிறா. லவினியா அவவிடம் ஜேர்மன் பாசையில் விசாரித்துவிட்டு, "அம்மா, விடுங்கோ! இந்தக் கீரையின்ர பேரே அவவின்ர ஊரிலை பிளேதோவாம். அவவின்ர அம்மம்மா வயலோரம் கிள்ளிச் சமைக்கிறவவாம். ஆரும் எங்கையும் கிள்ளலாம்தானே, அதாலைதான் மதிப்பில்லாததுக்கு அந்தப் பேச்சாம்" என்றாள். மரியமலர், நாங்களும் 'என்னைக் கிள்ளுக்கீரை எண்டு நினைச்சியோ' என்று கேட்கிறோமே! அதே பேச்சு, அதே கீரை! முழங்காலை மறந்து எழும்பி அவவைக் கட்டிப்பிடித்தேன்.

டொலோறஸ் மூன்று தரம் போட்டுத் தின்றா. கடைசியில் பிளோறன்ஸும் கோப்பையை நீட்டினா. "எனக்கும் ஒரு கரண்டி விடுங்கோ மச்சாள். எங்கை பிடுங்கினது?"

"பிடுங்கேல்லை, கிள்ளினது" என்று சொல்லி, கூட்டிக்கொண்டுபோய் இடத்தையும் காட்டினேன். திருநாள் அல்லவா, மன்னித்தும் விட்டேன். லவினியாவின் கலியாணத்தில் எனக்குப் பின்வரிசைக் கதிரை தந்ததையும் சேர்த்தே மன்னித்தேன்.

உன்னையும் பிள்ளைகளையும் மாதாவின் முந்தானைக்குள் வைத்து முடிக்கிறேன்.

உன் அக்கா,
மக்டலீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் கீரை பார்க்கப் போனேன். வெறும் மண். மச்சாளுக்கு டெலிபோன் எடுத்தால், "நான்தான் மச்சாள்! விடியவே வந்து எல்லாத்தையும் வேரோடை இழுத்துக்கொண்டு வந்திட்டன்" என்று சிரிக்கிறா. கிள்ளுக்கீரை என்றால் கிள்ள வேண்டும், மரியமலர். உடனே விதை அனுப்பு. நாலு வருசம் அனுப்பாததை உனக்கு மன்னிக்கிறேன். இந்தச் சீவியத்தில் நான் மன்னிக்காத ஆள் ஒன்றுதான்: பிளோறன்ஸ்.