கன்ட்ரோல்காரர்

உலகத்தில் சந்தேகப் பிராணிகள் பலவகை. பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பவர், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புகிறவர், யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று முடிவு கட்டுகிறவர். இவர்களெல்லாம் அப்பாவிகள். நான் சொல்ல வந்தது படித்த வகை. இவருக்குச் சகல விஷயத்திலும் சந்தேகம் உண்டு, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்று அவரேதான். ஆராய்ச்சிக்கூடத்தில் இவரைக் கன்ட்ரோல்காரர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இந்த இனத்தில் ஒருவருக்குத் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நான்தான் முகம் கழுவிவிடுகிறேன்.

கன்ட்ரோல் என்றதும் அதிகாரம், அடக்குமுறை என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு 'மாறிப்போச்சு' என்று சொன்னால், ஒன்றுமே செய்யாமல் விட்டது எப்படி இருக்கிறது என்றும் காட்ட வேண்டும் அல்லவா? அப்படிச் சும்மா விட்டுவைத்த பங்குக்குத்தான் கன்ட்ரோல் என்று பெயர். நல்ல பழக்கம். ஆனால் நம்மவர் அதை வேலை செய்யும் இடத்திலேயே கழற்றி வைக்காமல் வீட்டுக்கும் போட்டுக்கொண்டு வருவார். புது சோப்பில் துணி நன்றாக வெளுக்கிறது என்று மனைவி சொன்னால், "கன்ட்ரோல் எங்கே?" என்பார். பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் மண்டையில் ஏறுகிறது என்று மகள் சொன்னால், பாட்டில்லாமல் படிக்கும் இன்னொரு மகளைக் கொண்டுவரச் சொல்வார். மாத்திரை போட்டதும் தலைவலி பறந்துவிட்டது என்று மைத்துனர் ஒருமுறை சந்தோஷமாக வந்து சொன்னார். போடாமலிருந்தாலும் போயிருக்காதா என்று ஆரம்பித்து, அவர் கிளம்புவதற்குள் அந்தத் தலைவலியைத் திரும்ப வரவழைத்துத்தான் அனுப்பினார். மைத்துனர் அதற்குப் பிறகு ஃபோனோடு சரி.

தொழிலில் மட்டும் சூரர். ரத்தத்தில் காவல் சுற்றும் வெள்ளை அணுக்கள்தான் இவருக்கு ஆராய்ச்சி. அந்த அணுவின் மேல்தோலில் கிருமியின் துணுக்கு ஒன்று பட்டால் போதும், சேதி உள்ளே பாயும். ஒரு புரதம் அடுத்த புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற ரசாயன முத்திரை ஒன்றை ஒட்டும். ஒட்டு வாங்கியது விழித்துக்கொண்டு அடுத்ததன் மேல் ஒட்டும், அது அதற்கடுத்ததை உசுப்பும், இப்படியே போய் அணு முழுக்கச் சண்டைக்குத் தயாராகிவிடும். எவ்வளவு பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது என்பதைப் படத்தில் கறுப்புப் பட்டையாகப் பார்க்கலாம். துணுக்கு பட்ட அணுவில் பட்டை கறுகறுவென்று விழ வேண்டும். சும்மா இருக்கும் அணுவில் ஒன்றும் விழக் கூடாது. இவ்வளவுதான் சோதனை.

அந்தச் சும்மா இருக்கும் அணுவுக்கு யாருடைய ரத்தம்? இதென்ன கேள்வி? "நோய்நொடி இல்லாத ஆளுன்னா நான்தானே" என்று சட்டைக் கையை அவரே மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்காருவார். லீவே போடாத மனிதர். கல்லுக்குண்டு மாதிரி இருப்பதாக அவரே சொல்லிக்கொள்வார், கன்ட்ரோல் இல்லாமல்.

அந்த வருடம் பட்டை எல்லா இடத்திலும் விழுந்தது. துணுக்கு பட்டதிலும் கறுப்பு, சும்மா இருந்ததிலும் கறுப்பு. ஐஸ் போதவில்லை என்றார். ரசாயனத்தை மாற்றச் சொன்னார். அணுக்களைப் பிரிக்கும் சுழல் இயந்திரத்தைத் திட்டி, பழுது பார்ப்பவரை வரவழைத்து, அவரையும் திட்டினார். கடைசியில், திட்டினால் திருப்பித் திட்டாத ஒன்று அந்த அறையில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து, ஆராய்ச்சி மாணவியைக் கண்டுபிடித்தார். வெள்ளை அணு தொட்டாற்சுருங்கி. முரட்டுத்தனமாகக் கையாண்டாலே விழித்துக்கொள்ளும் என்பது உண்மை. "உன் கை சரியில்லம்மா. நீ குழாயைப் பிடிக்கிற பிடியிலயே அது பயந்து முழிச்சுக்குது" என்றார். அவளோ அதற்குள் குழாய்களைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்தப் பழகியிருந்தாள். நடையே மாறிவிட்டது. அவளுடைய பட்டத்துக்கு மிச்சமிருந்த கடைசி அத்தியாயம் இந்தப் பட்டைகள்தான். வரப்போகும் மதிப்பீட்டுக் கூட்டத்தில், இவளுக்கு இந்த வேலை ஒத்துவராது, வேறு தலைப்பில் முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று சொல்லிவிடுவதாக இருந்தார். சொன்னால் அவள் பாடுபட்ட வருடங்கள் அத்தனையும் குப்பைக்கு. அது அவளுக்கும் தெரியும்.

வீட்டில் அதே சமயம் வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. இவர் சில வாரங்களாக ஒரு பக்கமாகவே மென்றார். கன்னம் வீங்கியிருக்கிறது, பல் டாக்டரிடம் போகலாம் என்றாள் மனைவி.

"வீங்கியிருக்குன்னா எதோட ஒப்பிட்டுச் சொல்றே? கன்ட்ரோல் எங்கே?"

"அந்தப் பக்கக் கன்னம்."

இவர் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் மெலிஞ்சிருக்கலாம் இல்லையா?"

மனைவியே பல் டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, அன்று ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்து நின்றாள். இதோ வருகிறேன் என்று இவர் உள்ளே போனவர் போனவர்தான். காத்திருந்தவளுக்கு மாணவி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். இருவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது தெரியாது, ஆனால் ஒரே மனிதரிடம் மாட்டிக்கொண்ட இருவருக்குப் பேச விஷயமா இல்லை? முடிவில் மனைவி ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு, ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள்.

பல் டாக்டரைப் பார்க்க அன்று நேரம் தப்பிப்போனது. படம் மறுநாள் வந்தது. இவர் ரத்தம் வழக்கம்போலக் கறுப்பு. அவள் ரத்தத்தில் ஒன்றுமில்லை, துடைத்து வைத்த மாதிரி வெளுப்பு. நம்மவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார், விளக்கடியில் வைத்துப் பார்த்தார். வீட்டில் எப்போதும் கொதிப்பவள் அவள், நிதானமானவர் இவர் என்பதுதானே இத்தனை நாள் ஏற்பாடு? இந்த ரத்தத்தை நம்ப முடியாது, இவள் சாதாரண மனுஷியே கிடையாது, இன்னொரு தடவை எல்லாவற்றையும் மாற்றிப்போட்டுச் செய் என்றார்.

மாணவி குழாயைக் கீழே வைத்தாள். சொல்லிவிட்டாள்.

"எல்லாத்தையும் மாத்தியாச்சு சார். உங்களைத் தவிர."

நம்மவர் வாயைத் திறந்தார். திறக்கும்போது வலித்தது. பல மாதமாகக் கடைவாயில் சீழ் கோத்துக்கொண்டிருந்ததை, உடம்பில் ஓடும் அத்தனை வெள்ளை அணுக்களும் கேட்டு, ஒன்றுக்கொன்று சேதி சொல்லி, படை திரட்டி, போதாததற்குக் கறுப்புப் பட்டையாகப் படத்திலும் எழுதிக் காட்டியிருந்தன. படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அதை வைத்து ஒரு பெண்ணின் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ரொம்பவே வெட்கமாக இருந்தது.

மதிப்பீட்டுக் கூட்டம், பல்லைப் பிடுங்கிய அன்றைக்கே வந்து வாய்த்தது. பாதி உதடு மரத்துப்போய்க் கிடக்க, இவர் எழுந்து, அத்தனை பேராசிரியர்கள் முன்னாலும் சொன்னார்: "தப்பு இவங்க கையில இல்ல. கன்ட்ரோல் அழுகிப்போயிருந்துது. அந்தக் கன்ட்ரோல் நான்தான்." சபை சிரித்தது. இவரும் சிரித்தார், அசையும் பக்கத்தால் மட்டும். மாணவி சிரிக்கவில்லை, நாற்காலியில் முதல்முறையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய அத்தியாயம் இப்போது மனைவியின் ரத்தத்தில் நிம்மதியாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஆள் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? எங்கே! 'தப்பை ஒத்துக்கிறதுல என்னைப் பாருங்க' என்று இப்போது எல்லாரிடமும் தன்னையே மாதிரியாகக் காட்டுகிறார். மைத்துனருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'அட, இது நம்ம மாமாவேதான்', 'ஆபீஸ்ல இருக்கானே, அச்சு அசல் அவன்' என்று உங்களுக்கு யார் முகமோ தோன்றியிருக்கும். சிரித்திருப்பீர்கள். நல்லது. இப்போது இதை உங்கள் வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கு யார் முகம் தோன்றியது என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், மறுபடி கேட்காதீர்கள்.