மூன்றாம் கோப்பையின் குலம்

"குளிர்ப் பிரதேசத்துக் கருந்திராட்சைக் கலப்பினங்கள் யாவும் கீழ்த்தரமானவை, கண்ட இடத்தில் வேரோடு பிடுங்கப்படும்" என்று ஒயின் தர நிர்ணய அலுவலகம் ஆணை பிறப்பித்தது. காட்டுக் கொடியோடு சம்பந்தம் செய்துகொண்டவை அல்லவா? பனியைத் தாங்குகின்றன என்பது தக்க சமாதானமாக ஏற்கப்படவில்லை.

தோட்டக்காரம்மா நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"பன்னிரண்டு வருஷமா பிள்ளை மாதிரி வளர்த்த கொடிங்க, சார். பேரை மறைச்சு வெச்சுக் குடிச்சுப் பாருங்க. எதுன்னு கண்டுபிடிச்சிட்டா நானே பிடுங்கிடறேன்."

அதிகாரி ஒரு நிபுணரை வரவழைத்தார். வெள்ளை விரிப்பு போட்ட மேசைமேல், துணி சுற்றிய மூன்று பாட்டில்கள்; அதில் ஒன்று மட்டும் அவளுடைய கலப்பினம். சுவைத்ததை விழுங்கக் கூடாது என்பது விதி. துப்புவதற்கு ஒரு வாளியும் வைத்தார்கள்.

முதல் கோப்பைக்கே நிபுணர் முகம் சுளித்தார். "காட்டு வாடை. இதுதான் கலப்பினம்." துப்பினார். அதிகாரியும் ஆமோதித்துத் துப்பினார். இரண்டாவது சுமார் என்று பதிவானது.

மூன்றாவதை வாயில் வைத்ததும் நிபுணர் கண்ணை மூடிக்கொண்டார். "மழையில நனைஞ்ச கல்லு. பழைய புத்தக அலமாரி. முன்னூறு வருஷக் குலம் சார் இது!" வாளியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டில் காலியானது.

விரிப்பு துவைக்கிற அக்கா எட்டிப் பார்த்தாள். "மூணாவதுதான் சார் கலப்பினம். இங்க சோதனைக்கு வர்ற பாட்டில் மிச்சத்தை நக்கிப் பார்த்திருக்கேன். புளிப்பு தூக்கலா இருக்கும், துவர்ப்பே இருக்காது. சிந்தினா ஊதாவா ஒட்டிக்கும், எந்த சோப்புக்கும் போகாது. உங்க பல்லைப் பாருங்க."

இருவரும் ஒருவர் பல்லை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துணியை அவிழ்த்தால், மூன்றாவது தோட்டக்காரம்மாவுடையது. முதலாவது, அதிகாரியின் மைத்துனர் தோட்டத்து அசல் உயர்குலம்.

"நம்ம சுவைக் குழு தப்பு பண்ண விதியில இடமில்லையே," என்றார் அதிகாரி.

"அப்போ பாட்டில்தான் தப்பு பண்ணியிருக்கு," என்றார் நிபுணர்.

அவ்வாறே தீர்ப்பாயிற்று. தோட்டக்காரம்மாவுக்கு உயர்குலச் சான்றிதழ் கிடைத்தது. மைத்துனர் தோட்டம் கலப்பினம் என்று முத்திரை குத்தப்பட்டு, மறுநாளே வேரோடு பிடுங்கப்பட்டது. சட்டம் என்று வந்துவிட்டால் மைத்துனராவது, மாமனாராவது. அதிகாரி வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை.

அடுத்த வாரம் தோட்டக்காரம்மா ஒரு மனுவோடு வந்தாள். "பக்கத்துத் தோட்டத்துல கலப்பினம் வெச்சிருக்காங்க, சார். நாங்க முன்னூறு வருஷக் குலம். அதோட மகரந்தம் எங்க கொடி மேல படலாமா?"

கேட்டவுடன், மனுவை வாங்கிப் பதிவு செய்கிற எழுத்தர் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று மாலையே அந்த ஒயினில் ஒரு பாட்டில் வாங்கினேன். அதில் ஒட்டியிருந்த உயர்குலச் சான்றிதழைப் படித்துவிட்டு, கண்ணை மூடி முகர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நனைந்த கல் வாசனை வந்தது. நீங்கள் சிரிப்பதற்கு முன் கண்ணாடியில் ஒருமுறை பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.